எண்பது கிலோவும் மூன்று அரைஞாண் கயிறும்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு அடுத்தவன் தட்டை எட்டிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. முன்பு அடுத்தவன் வரப்பை எட்டிப் பார்ப்பார்கள். அதிலாவது ஒரு லாபம் உண்டு, ஒரு சாண் தள்ளி வெட்டிக்கொள்ளலாம். என் தட்டை எட்டிப் பார்த்து என்ன கிடைக்கப் போகிறது? ஆனாலும் பார்க்கிறான். டீக்கடையில் உட்கார்ந்தால் எதிர் பெஞ்சுக்காரன் என் கையில் இருக்கிற வடையை எண்ணுகிறான். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தன் இலையை விட்டுவிட்டு என் இலையைக் காவல் காக்கிறான். கேட்டால், "உன் நல்லதுக்குத்தான் நைனா" என்கிறான்.

இந்த உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது யார் என்று பார்த்தால், நான்தான். வேறு யாரைத் திட்டுவது?

எண்பத்திரண்டாம் வருஷம் எனக்குக் குடல் இறங்கிவிட்டது. ஏரி மதகுப் பலகையைத் தூக்கப் போய் வந்த வினை. மூன்று பேர் தூக்குகிற பலகை அது. "வீராசாமி ஒருத்தன் போதும், தள்ளுங்கடா" என்று நான் சொன்னதற்கு நாலு சாட்சி உண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்தது. ஆறு மாசத்தில் அது மாங்காய் ஆனது. அப்புறம்தான் மெட்ராஸில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் என்னைத் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றிரண்டு கிலோ. "இந்த வயித்துல தையல் போட்டா நிக்காது பெரியவரே, முதல்ல இளைங்க" என்றார். மூன்று மாசம் வார்டில் போட்டு, கஞ்சியும் கீரையுமாகக் கொடுத்து, எழுபத்தாறுக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம் கிழித்துத் தைத்தார்கள். மயக்க மருந்துக்கு என் நெஞ்சு இரண்டு தரம் சண்டித்தனம் பண்ணியதாம். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார்:

"எண்பதைத் தாண்டினா தையல் பிரியும். பிரிஞ்சா மறுபடி கிழிக்கணும். இன்னொரு தரம் மயக்க மருந்து குடுத்தா உங்க நெஞ்சு தாங்காது. புரியுதா?"

புரிந்தது. எண்பது வரைக்கும் என் வீடு, அதற்கு மேலே சுடுகாடு.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். இளைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பழையபடி ஊதிக்கொண்டு திரும்பி வருகிறார்களாம். அதனால் சாப்பாட்டு விஷயம் படித்த ஒரு அம்மா, தேவகி என்று பேர், வாராவாரம் ரிப்ளை கார்டு போடுவார். இரண்டு கார்டு ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றில் அவர் சொல்ல வேண்டியதை எழுதியிருப்பார். மற்றதில் நாம் நம் எடையையும் தின்றதையும் எழுதி, கிழித்து, தபாலில் போட வேண்டும். நான் வார்டில் கிடந்த மாசங்களில் அந்த அம்மா பிரசவ லீவில் இருந்தது. நான் முகம் பார்த்ததில்லை.

ஆரம்பத்திலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். எங்கள் பிழைப்பில் எடை கேட்கிறவன் எதையோ வாங்கப் போகிறவன். இந்த அம்மா என்னத்தை வாங்கப் போகிறது? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. தையல் பயத்தில்தான் பதில் எழுதினேன். நான் மூன்றாம் கிளாசோடு நின்றவன். நின்றேன் என்று சொல்வது கௌரவத்துக்கு, வாத்தியார்தான் நிறுத்தினார். ஒரு கார்டை எழுதி முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆகும்.

எங்கள் ஊர் பேரைச் சொல்ல மாட்டேன், சண்டைக்கு வருவார்கள். உத்திரமேரூரிலிருந்து நாலு மைல், அவ்வளவு போதும். எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவருகிறவன் ஏசுதாஸ். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவனே படித்துக் காட்டுவது வழக்கம். பாதி ஊருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவனுக்கு அது தொண்டை சம்பந்தப்பட்ட பழக்கமாகிவிட்டது. தெரிந்தவனுக்கும் படிப்பான்.

"கவருன்னா நான் தொடமாட்டேன் பெரியவரே. கார்டு எல்லாருக்கும் பொது" என்பது அவன் சட்டம்.

முதல் கார்டை டீக்கடை வாசலில் நின்றே படித்தான். "ஐயா வணக்கம். ராத்திரி ஒரு கரண்டி சோறு குறைக்கவும். வடை வாரத்துக்கு ஒன்று. பந்தியில் எழுந்திருக்கும்போது வயிற்றில் இன்னும் ஒரு கைக்கு இடம் இருக்க வேண்டும். தினமும் நடக்கவும்."

அன்றோடு போயிற்று என் சுதந்திரம். மறுநாள் டீக்கடை பச்சமுத்துவிடம் வடை கேட்டேன்.

"இந்த வார வடைய நேத்தே துன்னுட்ட நைனா."

"அது நேத்து, கார்டு வர்றதுக்கு முன்னாடிடா."

"வாரம் இன்னா கார்டு வந்த நாள்லேர்ந்தா கணக்கு? ஞாயித்துக்கெழமேலேர்ந்து. வேணும்னா அந்தம்மாவ எழுதிக் கேளு, பதில் வரட்டும், குடுக்கறேன்."

பஸ்ஸில் ஏறப் போனால் கண்டக்டர் கதவைக் கையால் மறித்துக்கொண்டு, "உன்ன நடக்கச் சொல்லி எழுதிக்கீறாங்களே பெரியவரே" என்று விசில் ஊதிவிட்டான். வீட்டில் வேறு விதமான பேஜார். என் சம்சாரம் தாயாரம்மாளுக்கு, மெட்ராஸில் உட்கார்ந்து ஒருத்தி தன் கரண்டியைப் பிடிக்கிறாளே என்று கோபம்.

"நாப்பது வருசமா நான் போட்ட சோத்துல வராத நோவு, இப்ப இவ ஒரு கரண்டி கொறச்சா போயிடுமா?" என்றாள். கோபத்தில் கரண்டியை மாற்றிவிட்டாள். குழம்புக் கரண்டியால் சோறு போட்டாள். அது சோற்றுக் கரண்டியை விடப் பெரியது. ஒன்று குறைத்ததும் கணக்குச் சரியாயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

எடை பார்க்கத்தான் இடம் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ஆள் ஏறி நிற்கிற தராசு ஒன்றுதான் இருந்தது: அரிசி மில்லில் நெல் மூட்டை நிறுக்கிற இரும்பு மேடை. அந்தத் தராசைப் பற்றி ஊருக்கே தெரியும். மூட்டைக்கு நாலைந்து கிலோ விழுங்கும் என்று பத்து வருஷமாகச் சண்டை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின பொங்கலுக்கு மில் கேட்டைப் பிடித்து உலுக்கி, "இது திருட்டுத் தராசு, இதுல நிறுத்தவன் கை அழுகிப் போவும்" என்று கத்தியவன் யார் என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டாம். நான்தான்.

ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை அந்தத் தராசில் ஏறினேன். மில் குமாஸ்தா தாமோதரன், உறவில் எனக்கு மருமகன் முறை, தராசுக் கோலில் தொங்குகிற குண்டை நகர்த்திப் பார்த்துச் சொன்னான்:

"எழுபத்தொண்ணரை மாமா."

ஆஸ்பத்திரியில் எழுபத்தாறு. நாலு நாளில் நாலரை கிலோ எங்கே போயிற்று? ஒரு கோழிக்குக்கூட அந்த நேரத்தில் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. வந்தது, ஆனால் ஆஸ்பத்திரித் தராசு மேலே வந்தது. மெட்ராஸ்காரன் கூட்டித்தான் காட்டியிருப்பான், பயமுறுத்தி வைக்கிறதுக்கு, என்று நினைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து எவனையும் நம்பாத ஆள் நான். என்னைச் சந்தோஷப்படுத்துகிற பொய்யைக் கண்டதும் கட்டிக்கொண்டேன்.

எழுபத்தொன்றரை என்று எழுதிப் போட்டேன். அந்த அம்மா என்ன செய்யும்? முகம் தெரியாது, தராசு தெரியாது. "மிக நல்லது ஐயா. இதற்கு மேல் இளைக்க வேண்டாம். காலையில் இன்னொரு இட்லி சேர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியது. ஏசுதாஸ் அதைப் படித்ததும் பச்சமுத்து எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தான்.

இன்னொரு இட்லி என்றால் எனக்கு இரண்டு. இட்லியோடு நின்றதா? எட்டரை கிலோ மிச்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் மாமியார் வீட்டு விருந்துக்குப் போனவன் மாதிரி நடந்துகொண்டேன். வைகாசியில் எழுபத்து நாலு. ஆனியில் எழுபத்தாறு. ஆடித் திருவிழாவுக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும் மூன்று நாள். ஆவணியில் எழுபத்தெட்டு. எழுதும்போது பெருமையாகத்தான் எழுதினேன், எண்பதுக்கு இன்னும் இரண்டு இருக்கிறதே.

இதற்கு நடுவில் அரைஞாண் கயிறு ஒரு தொல்லை கொடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் புதுசாகக் கட்டியது. இரண்டு மாசத்தில் இடுப்பை அறுக்க ஆரம்பித்தது. அறுத்துவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் இறுக்கியது. மூன்றாவது வாங்கினேன். அதுவும். எனக்கு வந்த கோபம் கயிறு விற்கிறவன் மேலே. தண்ணீர் பட்டால் சுருங்குகிற நூலை வைத்து ஊரை ஏமாற்றுகிறான். ஆவணிக் கார்டில் எழுபத்தெட்டு என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது. பதினைந்து பைசா கார்டில் இடத்தை வீணாக்குவானேன் என்று கீழே எழுதினேன்: "இந்தக் காலத்தில் அரணாக்கயிறு கூட யோக்கியமாக இல்லை. மூணு கயிறு வாங்கிட்டேன். குளிச்சா சுருங்குது."

அடுத்த கார்டு ஒரு நாள் முந்தியே வந்தது. ஏசுதாஸ் சைக்கிளை நிறுத்தவில்லை, தள்ளிக்கொண்டே படித்துக்கொண்டு வந்தான். அவன் பின்னால் பத்து பேர் வந்தார்கள்.

"பெரியவரே, அந்தம்மா உங்க கவுத்தப் பத்தி எழுதிக்கீறாங்க."

"இன்னாவாம்?"

"ஐயா, கயிறு சுருங்காது. இடுப்புதான் வளரும். நீங்கள் எந்தத் தராசில் நிற்கிறீர்கள்? பிரிக்காத யூரியா மூட்டை ஒன்றை அதே தராசில் வைத்துப் பாருங்கள். அது சரியாக ஐம்பது கிலோ. தராசு என்ன காட்டுகிறது என்று உடனே எழுதவும்."

பச்சமுத்து சொன்னான், "அடியாத்தே. இத்தினி வருசம் இது நமக்குத் தோணலியே!"

யாரோ என் வீட்டுக்கே ஓடிப் போய், சம்பாவுக்கு வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். என்னை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் மில்லுக்குப் போனோம். தாமோதரன் தராசின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"உரத்த வெச்சா இரும்பு துருப் புடிக்கும்ங்க. மொதலாளி இல்ல. சாயங்காலம் வாங்க."

"மாமன் வாரா வாரம் ஏறுறாரே, அப்ப துருப் புடிக்கல?" என்றான் ஒருவன்.

மூட்டையை வைத்தார்கள். பச்சமுத்துவே குண்டை நகர்த்தினான். கோல் மட்டத்துக்கு வந்து நின்றது. நாற்பத்தேழு.

குண்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். அடியில் குடைந்து ஈயம் ஊற்றியிருந்தது. குண்டு கனத்தால் மூட்டை இளைத்துக் காட்டும். அவ்வளவுதான், கேட்க வேண்டுமா? ஆளாளுக்குப் பத்து வருஷ நெல்லைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தாமோதரன் சட்டையை மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்து, "நைனா, நீதான மொதல்ல சொன்ன, நீ பேசு" என்றார்கள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தாமோதரன், சட்டை பிடியில் இருக்கும்போதே, என்னைப் பார்த்துக் கேட்டான்:

"பேசு மாமா. உன் நெல்லுக்குத் திருட்டுத் தராசு. உன் தொந்திக்கு மட்டும் நல்ல தராசா? ஆறு மாசமா ஏறி ஏறிப் பல்ல இளிச்சிக்கினு எறங்கினியே, அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டியா?"

சிரித்தார்கள். சட்டையைப் பிடித்திருந்தவனும் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. நான் வேறு கணக்கில் இருந்தேன். ஐம்பதுக்கு மூன்று போனால் எழுபத்தெட்டுக்கு எவ்வளவு போகும்? மூன்றாம் கிளாஸ் மூளை நின்றுவிட்டது. ஏசுதாஸ்தான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான், அந்த ஒரு தடவைதான் அவன் எதையும் மெதுவாகச் சொன்னது:

"எம்பத்து மூணு வருது பெரியவரே."

கூட்டத்தை நெல்லோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, தையல் மேலே கையை வைத்து இருமிப் பார்த்தேன். ஏதோ இழுக்கிற மாதிரி இருந்தது. இன்னொரு தரம் இருமினேன். நிஜமாகவே இழுக்கிறதா, பயம் இழுக்கிறதா என்று தெரியவில்லை. இன்னொரு தரம்.

"இரும்பாதய்யா" என்றாள் தாயாரம்மாள் வெளியிலிருந்து. "இரும்பி இரும்பி நீயே பிச்சிக்கப் போற."

அன்று ராத்திரி தட்டில் சோறு போடும்போது பார்த்தேன், பழைய சோற்றுக் கரண்டி திரும்பி வந்திருந்தது.

மறுநாள் கார்டு எழுதினேன். "எம்பத்து மூணு. தராசு திருட்டு. நானும் கொஞ்சம். தையல் இழுக்குது. பிரிஞ்சிடுமா?"

நாலு நாள் ஆயிற்று பதில் வர. அந்த நாலு நாளும் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏசுதாஸ் தெருமுனையில் வந்தபோது டீக்கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவன் படிக்காமல் என் கையில் கொடுத்தான்.

"இத நீங்களே படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். திட்டவில்லை. "பயப்படாதீர்கள் ஐயா. புடைப்பு இல்லை என்றால் தையல் இருக்கிறது. புடைத்தால் அன்றே பஸ் ஏறி வாருங்கள். எதையும் தூக்க வேண்டாம். வாரத்துக்குக் கால் கிலோ இறங்கினால் போதும், அவசரப்பட வேண்டாம். உத்திரமேரூர் ஆஸ்பத்திரித் தராசில் எடை பாருங்கள், நடந்தே போய் வாருங்கள். புதுக் கயிறு கட்டுங்கள். ஒரு விரல் நுழைகிற அளவு. தை மாசம் வரை அதை மாற்றக் கூடாது. இனி வாரத்துக்கு இரண்டு கார்டு போடுகிறேன்."

இரண்டு கார்டு! ஒரு கார்டு பேஜாரே தாங்கவில்லை. ஆனால் தாங்கினேன். வெள்ளிக்கிழமை தோறும் நாலு மைல் போக, நாலு மைல் வர. கயிறு இறுக்கின நாளில் இறுக்கியது என்றே எழுதினேன். ஐப்பசியில் ஒரு கருமாதி விருந்தில் மூன்று வடை தின்றதை எழுதாமல் விட்டேன். அடுத்த கார்டில் "விருந்தில் வடை எத்தனை?" என்று கேட்டிருந்தது. அந்த அம்மாவுக்கு யார் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. பச்சமுத்து சத்தியம் பண்ணுகிறான். அவனுக்கு எழுதவே தெரியாது என்பதால் நம்ப வேண்டியிருக்கிறது.

மார்கழியில் எழுபத்தொன்பது. வருஷம் முடிந்து, மாசியில் டாக்டரிடம் காட்ட மெட்ராஸ் போனேன். எழுபத்தேழு.

டாக்டர் தையல் மேலே இரண்டு விரலை வைத்தார்.

"இருமுங்க."

இருமினேன்.

"இன்னும் பலமா."

அந்த இரண்டாவது இருமலுக்கு முன்னால் நான் வேண்டாத சாமி இல்லை. பழையசீவரம் மலைமேல் இருக்கிறவருக்கு மொட்டை வரைக்கும் பேசிவிட்டேன். இருமினேன்.

டாக்டர் கையை எடுத்துவிட்டு, "நல்லா புடிச்சிருக்கு. இனி பயம் இல்ல" என்றார். வேட்டியைக் கட்டுவதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருமினதால் என்று டாக்டரிடம் சொன்னேன்.

வெளியே வந்தால் ஒரு அம்மா நின்றது. "வீராசாமி ஐயாவா? நான்தான் தேவகி."

ஒரு வருஷமாக நான் மனசில் வைத்திருந்தது முருங்கைக்காய் மாதிரி ஒரு உருவம். வந்து நின்றது நல்ல வாட்டசாட்டமான அம்மா. என் பழைய தொண்ணூற்றிரண்டை அதற்குக் கொடுத்தால் சட்டை மாதிரி பொருந்தியிருக்கும்.

"ரொம்ப சந்தோஷம்ங்கய்யா. இன்னும் ஒரு வருஷம் கார்டு போடறேன்."

"எதுக்கும்மா? தையல்தான் புடிச்சிக்கிச்சே."

"முதல் வருஷம் பயத்துல கவனமா இருப்பீங்க. பயம் போன வருஷம்தான் ஏறும். நூறு பேர்ல பார்த்திருக்கேன்."

"நான் ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே? உனக்கு யார் கார்டு போடறாங்க?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தது.

"யாரும் போடறதில்லைங்கய்யா. அதனாலதான் இப்படி இருக்கேன்."

அதை அந்த அம்மா தன் பக்கத்து நியாயமாகச் சொன்னது. எனக்கு அது என் பக்கத்து நியாயமாகப் பட்டது. சொல்லிக் கொடுக்கிற ஆளே இப்படி என்றால் கார்டில் என்ன இருக்கிறது? நான் இளைத்தது சாவுக்குப் பயந்து. நடந்தது கண்டக்டர் ஏற்றாததால். வடை தின்னாதது பச்சமுத்து கொடுக்காததால். பதினைந்து பைசா காகிதம் ஆறு கிலோவைத் தூக்கிக்கொண்டு போகுமா?

இதையெல்லாம் சொல்லவில்லை. பிள்ளை பெற்றுவிட்டு வேலைக்கு வந்த பொம்பளை, மனசு நோகும். ஒன்று மட்டும் சொன்னேன்:

"போடறதுன்னா போடு. ஆனா பதில் வரும்னு நம்பிக்கினு உக்காராத."

"வரும்" என்றது.

"பாக்கலாம்."

"படி ஈரமா இருக்கு, மெதுவா இறங்குங்க."

இதையும் சொல்லித்தான் தர வேண்டுமா என்று எரிச்சல் வந்தது. கைப்பிடியைத் தொடாமலே இறங்கினேன். பின்னால் அந்த அம்மா இன்னும் நிற்கிறது என்று தெரிந்தது. திரும்பவில்லை. கேட்டைத் தாண்டி, வெயிலில், பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல் நடந்தேன்.